காது கூசுகிற மூன்று பாட்டுகள்

பிப்ரவரி 9, ஞாயிறு

என் அருமைப் பாட்டுக்காரிக்கு,

நானும் சின்னவளும் சுகமாக இருக்கிறோம். உன் வயிறும் கடலும் சமாதானமாகிவிட்டனவா? முதல் வாரம் மேடையில் கம்பியைப் பிடித்துக்கொண்டே பாடினேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரித்ததற்காக வருத்தப்பட்டேன்.

இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிற புருஷன் உனக்கு மட்டும்தான் வாய்த்திருப்பான். உன் கப்பல் கம்பெனியின் அலுவலகம் எங்கள் ஸ்டுடியோவுக்கு நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தபால் பை போகிறதாம். பத்துப் பன்னிரண்டு நாளில் நீ இருக்கிற துறைமுகத்துக்கு வந்துவிடும் என்கிறார்கள். போனை விட இது மேல் என்று எனக்குப் படுகிறது. போனில் உன் பக்கத்துச் சத்தம் சரியாக வருவதில்லை. போன வாரம் நீ, "சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சா?" என்று கேட்டாயாம். நான், "பரவாயில்ல, வாங்கிக்கலாம்" என்று பதில் சொன்னேனாம். பக்கத்தில் இருந்த சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. கப்பலில் சிக்னல் கிடைக்காத இடமாக இருக்கும். இனி நீ அவளோடு போனில் பேசு. எனக்கு எழுது.

காய்ச்சல் விட்டு ஒன்பது நாள் ஆகிறது. மேல் பல் ஒன்று விழுந்திருக்கிறது. கணக்கில் இந்த முறை தேறிவிட்டாள். பின்னல்தான் எனக்கு இன்னும் கைவரவில்லை. ஒன்று கிழக்கே பார்க்கிறது, இன்னொன்று மேற்கே. "அப்பா, இப்படியே பள்ளிக்கூடம் போனா என்னைத் திசைகாட்டின்னு கூப்பிடுவாங்க" என்கிறாள். வாய் அப்படியே உன்னுடையது. நான் டிவி சத்தத்தை அதிகம் வைக்கிறேன் என்று என்மேல் ஒரு புகார் வைத்திருக்கிறாள். கீழ் வீட்டுக்காரரும் ஒருநாள் படியேறி வந்து அதையே சொன்னார். ஒன்பது வயதுக்காரியும் அறுபது வயதுக்காரரும் ஒரே கட்சியில் சேர்ந்துவிட்டார்கள். நான் என்ன செய்ய?

வேலையில் ஒரு நல்ல சேதி. இசைக் கல்லூரியில் இருந்து புதன்கிழமைகளில் எங்கள் ஸ்டுடியோவுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? அதில் இறுதி ஆண்டுப் பெண் ஒருத்தி. எப்போதும் ஒரு பழைய கம்பளித் தொப்பியோடு வருவாள். ஸ்டுடியோவில் அவளுக்குத் தொப்பி என்றே பெயர் விழுந்துவிட்டது. அவளும், "தொப்பி பேசறேன் அண்ணா" என்றே போனில் சொல்கிறாள். காலையில் ஒரு சலவைக் கடையில் துணி தேய்க்கிறாள். மத்தியானம் கல்லூரி. கிட்டார் வாசித்துக்கொண்டு தானே கட்டிய பாட்டுகளைப் பாடுகிறாள். கொஞ்சம் சொரசொரப்பான குரல். புதுச் சட்டையைத் தடவுகிற மாதிரி இருக்கும். ஆனால் ஒரு வரி பாடினால் அடுத்த வரிக்காகக் காத்திருக்க வைத்துவிடுகிறாள். சலவைக் கடைக்கு வந்து சேர்ந்து, யாரும் வாங்கிப் போகாத ஒரு கோட்டைப் பற்றி ஒரு பாட்டு வைத்திருக்கிறாள். அதைப் பதிவு செய்த அன்று நான் இரண்டு தடவை எழுந்து வெளியே போய் வந்தேன்.

இங்கே ஓர் இசை அறக்கட்டளை வருஷத்துக்கு ஆறு புதியவர்களைத் தேர்ந்தெடுக்கிறது. ஒரு வருஷம் பதிவுக்கூடம், வழிகாட்ட ஒரு ஆள், மேடைகள், எல்லாம் அவர்கள் ஏற்பாடு. இவளைப் போல முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லாத பிள்ளைகளுக்கு அது ஒன்றுதான் கதவு. மூன்று பாட்டுகளைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். பதிவை முடித்துவிட்டோம். குரலையும் கிட்டாரையும் கலந்து சீராக்குகிற வேலையை என் சொந்த நேரத்தில் நானே செய்தேன். அவளுடைய ஒவ்வொரு மூச்சும் கேட்கிற மாதிரி கொண்டுவந்திருக்கிறேன். மினுமினு என்று இருக்கிறது. இந்த இரண்டு வருஷத்தில் நான் செய்ததில் இதுதான் நல்ல வேலை என்று நினைக்கிறேன்.

முதலாளி கேட்டுவிட்டு, "மேல் ஒலியெல்லாம் கொஞ்சம் தூக்கலா இல்ல?" என்றார். இருபத்திரண்டு வருஷமாக இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் வெடுக்கென்று வந்துவிட்டது. அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார். சின்னவள் கேட்டுவிட்டுக் காதில் விரலை வைத்துக்கொண்டு, "கூசுதுப்பா" என்றாள். இவளுக்குத் தலை வாரினாலும் கூசும், சட்டைத் துணி உரசினாலும் கூசும். தொப்பி மட்டும் குறை சொல்லவில்லை. தலையை ஆட்டிக் கேட்டாள். "நீங்க சொன்னா சரி அண்ணா" என்றாள்.

உன் குழுத் தலைவர் இன்னும் எட்டு மாதம் இருக்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். இனி பின்பாட்டு இல்லை, வாரத்தில் இரண்டு நாள் தனி மேடை, பலகையில் உன் பெயர். பதினாலு வருஷம் அடுத்தவர் முதுகைப் பார்த்துப் பாடியவள் நீ. இதற்கு நான் என்ன பதில் சொல்வது? கொஞ்சம் யோசிக்கிறேன். நீயும் யோசி.

தொண்டையைக் கவனித்துக்கொள். மேல்தளக் காற்றில் தலையை மூடாமல் நிற்காதே.

உன் நினைவாகவே இருக்கும்,
உன் பக்கத்து நாற்காலிக்காரன்

—

மார்ச் 16, ஞாயிறு

அன்புள்ள பாட்டுக்காரிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாக வந்து சேர்ந்தன. நீ அனுப்பிய சிப்பியைச் சின்னவள் வகுப்புக்குக் கொண்டுபோய் எல்லோர் காதிலும் வைத்துக் காட்டினாளாம். கடல் சத்தம் கேட்கிறது என்று எல்லாரும் சொன்னார்களாம். என் காதிலும் வைத்தாள். ஆமாம், கேட்கிறது என்றேன்.

நல்ல சேதியாக எழுத வேண்டும் என்றுதான் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். தொப்பிக்குக் கிடைக்கவில்லை.

புதன்கிழமை அவள் ஸ்டுடியோவுக்கு வந்தாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். அவள் தலைமுடியை நான் பார்த்ததே அன்றுதான். அறக்கட்டளை அனுப்பிய தாளை நீட்டினாள். பாட்டுகளின் சொற்களும் மெட்டும் மிக நன்று என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே, மூன்று பாட்டுகளையும் முழுதாகக் கேட்பது சிரமமாக இருந்தது, ஒலி காதைக் குத்துகிறது, குறிப்பாகக் குரல், என்று இருந்தது. அவ்வளவுதான். கையெழுத்து, முத்திரை, மேலும் முயல வாழ்த்து.

நான் படித்துக்கொண்டே இருந்தேன். நான்கு வரியை எவ்வளவு நேரம் படிக்க முடியுமோ அவ்வளவு நேரம் படித்தேன்.

அவள்தான் பேசினாள். "என் குரல்தான் அண்ணா. சின்ன வயசுலயே சொல்லுவாங்க, தகரத்துல ஆணி இழுக்கிற மாதிரி இருக்குன்னு. நீங்க நல்லா பண்ணிக் குடுத்தும் அதை மறைக்க முடியல பாருங்க" என்றாள். என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னாள். என் உழைப்பு வீணாகிவிட்டதே என்று அவளுக்கு வருத்தம். சலவைக் கடையில் முழுநாள் வேலைக்கு ஆள் தேடுகிறார்களாம், ஒத்துக்கொண்டுவிட்டாளாம். கல்லூரிப் பரீட்சையை எழுதி முடிப்பாள். அதற்கு மேல் இல்லை. கிட்டாரை எங்கள் ஸ்டுடியோவில் வைத்துவிட்டுப் போகட்டுமா, வீட்டில் இடம் இல்லை என்று கேட்டாள்.

சரி, வைத்துவிட்டுப் போ என்றேன்.

அதைத் தவிர நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். கேட்காதே.

அவள் போன பிறகு முதலாளி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் மைக் வயரைச் சுற்றி வைப்பதில் ரொம்ப மும்முரமாக இருந்தோம்.

வீட்டில் குறை ஒன்றும் இல்லை. குழாய் ஒழுகியதைச் சரி செய்துவிட்டேன். சின்னவள் என்னிடம் எதையாவது கேட்பதற்கு முன்னால் இப்போதெல்லாம் என் எதிரே வந்து நின்றுகொள்கிறாள். முதுகுக்குப் பின்னால் இருந்து பேசுவதை விட்டுவிட்டாள். நல்ல பழக்கம்தான்.

உன் ஒப்பந்த விஷயம். யோசித்துவிட்டேன். கையெழுத்துப் போட்டுவிடு. எட்டு மாதம் ஓடியே போய்விடும். இங்கே நாங்கள் நன்றாகப் பழகிவிட்டோம். பின்னல்கூட இப்போது ஒரே திசையில் போகிறது. நீ வரவில்லையே என்று நாங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டோம். உடனே போட்டுவிடு, தள்ளிப்போடாதே.

இன்னொன்று எழுத நினைத்தேன். எழுதிவிட்டு அடித்துவிட்டேன். கீழே மையாக இருப்பதைப் பார்த்து எதையாவது கற்பனை செய்துகொள்ளாதே. பேனா சரியில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருந்தால் போதும்.

இப்படிக்கு,
உன்னவன்

—

ஏப்ரல் 20, ஞாயிறு

என் உயிருக்கு,

இந்தத் தடவை உன் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. அடித்த இடத்தைக் கப்பல் சன்னலில் ஒட்டிவைத்து வெளிச்சத்தில் பார்த்திருக்கிறாய். ஒரு சொல் தெரிந்திருக்கிறது. "யாருடைய காது?" என்று கேட்டிருக்கிறாய்.

என்னுடையதுதான்.

முதலில் இருந்து சொல்கிறேன். நடுவில் நிறுத்தினால் மறுபடியும் அடித்துவிடுவேன்.

போன கடிதத்தைத் தபாலில் போட்ட அடுத்த சனிக்கிழமை, மத்தியானம், ஸ்டுடியோ விடுமுறை. சின்னவளை வண்ணப் பென்சில்களோடு வெளி அறையில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போய்த் தொப்பியின் பாட்டுகளைத் திறந்தேன். கேட்டேன். எனக்கு அப்போதும் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் பயத்தைக் கொடுத்தது. ஒலியைக் கோடாக வரைந்து காட்டுகிற திரையைப் போட்டுப் பார்த்தேன். அந்தத் திரையை நான் எப்போதும் மதித்ததில்லை, உனக்குத் தெரியும். காது இருக்கும்போது படம் எதற்கு என்று பிள்ளைகளைக் கேலி செய்வேன். திரையின் வலது ஓரத்தில், கீச்சென்ற ஒலிகள் இருக்கிற இடத்தில், கோடு மலை மாதிரி எழுந்து நின்றது. யாரோ வேண்டுமென்றே செய்த மாதிரி இருந்தது. அந்த யாரோ நான்.

பிறகு ஒரு சோதனை செய்தேன். ஒரே ஒரு ஒலி, கீழே இருந்து மெதுவாக மேலே ஏறிக்கொண்டே போகிற மாதிரி வைத்து, ஸ்பீக்கரில் விட்டேன். ஏறியது. ஏறியது. ஓர் இடத்தில் நின்றுவிட்டது. ஸ்பீக்கர் வயர் கழன்றுவிட்டது என்று நினைத்தேன். ஆனால் ஒலியின் அளவைக் காட்டும் மீட்டரில் விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. நான் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அறை அவ்வளவு அமைதி.

கதவைத் தள்ளிக்கொண்டு சின்னவள் ஓடிவந்தாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "அப்பா, நிறுத்துங்க! குத்துது!" என்று கத்தினாள்.

"எது?" என்று கேட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மீட்டரைப் பார்த்தாள். உன் மகள் மக்கு இல்லை. ஒரு கையை எடுத்துச் சுவிட்சை அவளே அணைத்தாள். அடுத்த கையையும் காதில் இருந்து எடுத்தாள். "இப்ப நிறுத்திட்டேன்" என்று எனக்குச் சொன்னாள்.

எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அவள் என் மடியில் உட்கார வயது தாண்டியவள் மாதிரி இத்தனை நாள் நடந்துகொண்டாள், அன்று வந்து உட்கார்ந்துகொண்டாள். "அம்மாகிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம், நான் சொல்கிறேன் என்றேன். அவளிடம் போனில் நீ எத்தனை தடவை துருவியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். வாக்குக் கொடுத்துவிட்டாள் பாவம். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

மறுநாள் சலவைக் கடைக்குப் போனேன். ஞாயிறும் அவர்களுக்கு வேலை உண்டு. உள்ளே ஆவியும் ஈரத்துணி வாடையும். தொப்பி ஒரு வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உன் குரலில் ஒரு குறையும் இல்லை, மேல் ஒலிகள் எனக்குக் கேட்பதில்லை, கேட்கவில்லையே என்று நானே ஏற்றி ஏற்றி வைத்திருக்கிறேன், அவர்கள் காதைக் குத்தியது நான் என்றேன்.

அவள் கையை நிறுத்தவில்லை. காலர், கை, பொத்தான் பட்டி என்று அந்தச் சட்டையை முழுதாக முடித்தாள். மடித்தாள். எண் சீட்டைக் குத்தினாள். பிறகு, "தாள் வந்து பதினோரு நாள் ஆச்சு" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"அந்தத் தாள்ல எழுதியிருந்ததை நான் பாதிதான் நம்பினேன் சார். அவங்க யாரோ. நீங்க படிச்சிட்டு ஒண்ணும் சொல்லாம நின்னீங்க பாருங்க, அப்பதான் முழுசா நம்பினேன்."

சார் என்று சொன்னாள். கவனித்தாயா? ஒரு வருஷமாக அண்ணா என்று கூப்பிட்ட பெண்.

மன்னித்துவிடு என்று கேட்டேன். அடுத்த சட்டையை எடுத்துப் பலகையில் போட்டாள். கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூட ஏதாவது பதில் சொல்லிக்கொண்டு நின்றிருப்பேன். வாசலில் இரண்டு பேர் துணிக்காகக் காத்திருந்தார்கள். வழியை அடைத்துக்கொண்டு நின்றவன் நான்தான். நகர்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அறக்கட்டளைக்குப் போனேன். பழைய மூன்று மாடிக் கட்டடம். மாணவர் உதவிப் பிரிவு இரண்டாம் மாடியில். அங்கே பொறுப்பில் இருக்கிற அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். முன்பு மேடைகளில் டிரம்ஸ் வாசித்தவராம். பேசும்போது விரல்கள் மேசையில் தட்டிக்கொண்டே இருக்கின்றன. கலவை செய்யாத மூலப் பதிவுகளைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். விஷயத்தைச் சொன்னேன். முடிவு அறிவித்தாயிற்று, ஆறு இடமும் நிரம்பிவிட்டது, திறக்க முடியாது என்றார். நான் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் விரல்களைத் தட்டிவிட்டு, "நடுவர்கள் மறுபடியும் கேக்கணும்னா காரணம் எழுத்துல வேணும். உங்க கையெழுத்தோட" என்றார்.

நடுவர்கள் ஐந்து பேர். அதில் மூன்று பேரிடம் இருந்துதான் எனக்கு வேலை வருகிறது.

தாளை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். தண்ணீர் குடித்தேன். அப்படியே படி இறங்கிப் போய்விடலாம் என்று தோன்றியது. உன்னிடம் பொய் சொல்லிப் பயன் இல்லை, இரண்டு படி இறங்கவும் செய்தேன். பிறகு ஏறி வந்து எழுதினேன். ஒலிப்பதிவாளனான எனக்கு உயர்ந்த ஒலிகள் கேட்பதில்லை, அதை மறைத்து இந்த மாணவியின் பாட்டுகளைக் கலந்தேன், தவறு முழுதும் என்னுடையது என்று எழுதினேன். அந்த அம்மா படித்துவிட்டு, "இதை அவங்க படிச்ச பிறகு உங்களுக்கு வேலை வராமப் போகலாம். தெரிஞ்சுதான் குடுக்கறீங்களா?" என்று கேட்டார். தெரிஞ்சுதான் என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

தாளைக் கோப்பில் வைத்துவிட்டு, "இது அவளுக்கு. உங்களுக்கு என்ன செய்யறதா இருக்கீங்க?" என்றார். எழுந்து, "வாங்க" என்று கீழே கூட்டிப்போனார். முதல் மாடியில் தொழிலில் இருக்கிறவர்களுக்கென்று ஓர் உதவி மையம் இருக்கிறது. விரல் மரத்துப்போன பியானோக்காரர், குரல் போன பாடகர், மேடை ஏறவே நடுங்குகிறவர்கள், என் மாதிரி ஆட்கள். இருபத்திரண்டு வருஷம் அந்தக் கட்டடத்துக்கு எதிரே பஸ் ஏறியிருக்கிறேன். அப்படி ஒரு மாடி இருப்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பஞ்சு ஒட்டிய சின்ன அறையில் உட்காரவைத்துக் காதைச் சோதித்தார்கள். ஒலி கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். கேட்காமலே இரண்டு தடவை அமுக்கினேன். சோதித்த பெண் கண்டுபிடித்துவிட்டாள். "சார், இங்க மார்க் கிடையாது" என்றாள். அவள் கொடுத்த படத்தில் கோடு பாதிவரை நேராக வந்து, அப்புறம் மாடிப்படி இறங்குகிற மாதிரி இறங்கியிருந்தது. இரண்டு காதிலும் அப்படித்தான். இடது காது கொஞ்சம் மோசம். போனது திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டாள்.

மூன்று வருஷமாகக் காதுக்குள் ஒரு விசில் சத்தம் எனக்கு இருக்கிறது. உன்னிடம் சொன்னதில்லை. இந்தத் தொழிலில் எல்லாருக்கும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். போனில் நீ பேசும்போது உயிரெழுத்து மட்டும் வந்து சேர்கிறது. மெய்யெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. அதற்குத்தான் கடிதம். கப்பலில் சிக்னல் கிடைக்காமல் இல்லை. சிப்பியிலும் எனக்குக் கடல் கேட்கவில்லை. நீ பாட்டுக்கு நடுவில் மூச்சை இழுப்பாயே, அந்தச் சின்னச் சத்தம், அது எந்த வருஷத்தில் இருந்து எனக்குக் கேட்காமல் போனது என்று யோசித்துப் பார்க்கிறேன். தெரியவில்லை. ஒருநாள் கேட்டிருக்கும், மறுநாள் கேட்டிருக்காது. நான் கவனிக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

இனி நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நடுவர்கள் மூலப் பதிவைக் கேட்டார்கள். இந்த வருஷத்து ஆறு பேரில் அவளைச் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் மூன்று மாதம் மாலை நேரத்தில் பதிவுக்கூடம், வழிகாட்ட ஒரு பாடகி, அடுத்த வருஷம் நேராகக் கடைசிச் சுற்று, இவ்வளவும் கொடுத்திருக்கிறார்கள். அவள் சலவைக் கடையில் மறுபடியும் அரைநாள் ஆகிவிட்டாள். கிட்டாரை எடுக்க வந்தபோது, பதிவுகள் எல்லாவற்றையும் அவள் கையில் கொடுத்தேன். வேறு இடத்தில் வேறு ஒருவரிடம் மறுபடியும் பதிவு செய்கிறாள். "நன்றி சார்" என்றாள். இன்னும் சார்தான். அதை மாற்று என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆறு இடத்தில் ஒன்று அவளுடையதாக இருந்திருக்கும். அதை நான் எப்படித் திருப்பிக் கொடுப்பேன்?

எனக்கு வரவிருந்த இரண்டு வேலைகள் போய்விட்டன. ஒருவர், அடுத்த தடவை பார்க்கலாம் என்றார். இன்னொருவர் அதுவும் சொல்லவில்லை. முதலாளி ஒருநாள் முழுக்கக் கத்தினார். "நான் சொன்னப்ப என்ன முறைப்பு முறைச்சே!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கத்தி முடித்துவிட்டு, மைக் வைப்பதும் பதிவு செய்வதும் நீ பார், கலவை மட்டும் தொடாதே என்றார். என் நாற்காலியில் இப்போது வேறொருவர் உட்காருகிறார். நான் பின்னால் நிற்கிறேன். முதல் வாரம் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உதவி மையத்தில் காதுக் கருவி கொடுத்திருக்கிறார்கள், பழக ஆறு மாதம் ஆகும் என்கிறார்கள். அதை மாட்டினால் தட்டு கழுவுகிற சத்தம்கூடக் கண்ணாடி உடைகிற மாதிரி இருக்கிறது. அந்த டிரம்ஸ் அம்மா, கல்லூரிப் பிள்ளைகளிடம் வந்து காதைப் பற்றிப் பேசச் சொல்கிறார். இப்போது வேண்டாம் என்றேன். அங்கே எந்த வரிசையில் தொப்பி உட்கார்ந்திருப்பாளோ.

மார்ச்சில் உன்னைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். நல்ல மனதோடு சொன்னேன் என்று நினைத்திருப்பாய். நீ வந்தால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாய் என்ற பயத்தில் சொன்னேன். போட்டுவிட்டாயா இல்லையா என்று நீ எழுதவில்லை. போட்டிருந்தால் நல்லதுதான், பலகையில் உன் பெயரைச் சின்னவளுக்குக் காட்ட எனக்கும் ஆசை. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மூட்டையைக் கட்டாதே. இரக்கப்பட்டு வந்தாய் என்றால் நான் தாங்க மாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் அந்தப் பெரிய ஸ்பீக்கர்களுக்கு ஒரு முழம் தள்ளி நிற்கிறாய். காதுக்கு ஏதாவது வைத்துக்கொள்கிறாயா? வைத்துக்கொள்ள மாட்டாய், சுருதி தெரியாது என்பாய். நானும் அப்படித்தான் சொன்னேன். உதவி மையத்தில் வீட்டில் இன்னொரு இசைக்காரர் இருந்தால் அவருக்கும் சோதனை செய்வார்கள். போன வாரம் உனக்கும் சேர்த்து ஒரு படிவம் எழுதிக் கொடுத்துவிட்டேன். வயது, தொழில், எத்தனை வருஷம், எல்லாம் நிரப்பியாயிற்று. எந்தத் தேதி போடட்டும் என்று அந்தப் பெண் கேட்டாள். என் மனைவியே வந்துதான் சொல்ல வேண்டும் என்றேன். அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறாள். எத்தனை மாதமானாலும் படிவம் செல்லுமாம், கேட்டுவிட்டேன்.

தேதியை நீயே சொல். எதுவானாலும் சரி. நானும் சின்னவளும் உன்னோடு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம்.

உன் காது நன்றாக இருக்கட்டும். நீ நன்றாக இரு.

உன்,
கணவன்